இன்வெர்ட்டர் வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்கு

பேட்டரிக் கடையில் வைத்திருக்கும் 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) ட்யூபுலர் பேட்டரியை ஒரு ஆள் தனியாகத் தூக்குவது கஷ்டம். ஆசிட்டோடு சேர்த்து ஐம்பது கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அவ்வளவு கனத்துக்குள் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது? 12 வோல்ட்டை 150-ஆல் பெருக்கினால் 1,800 வாட்-மணி. ஈ.பி. கணக்கில் 1,000 வாட்-மணி என்றால் ஒரு யூனிட். ஆக, அந்தப் பெரிய பெட்டிக்குள் இருப்பது 1.8 யூனிட். அதிலும் இன்வெர்ட்டருக்குள் நடக்கும் மாற்றத்தில் ஒரு பங்கு சூடாக வீணாகும். பேட்டரியை அடிவரை உறிஞ்சினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் இன்னொரு பங்கை விட்டுவைக்க வேண்டும். கடைசியில் நம் கைக்கு வருவது 1,100 முதல் 1,200 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டும் கொஞ்சமும்.

கம்பி வழியாகச் சில ரூபாய்க்கு வரும் ஒரு யூனிட்டைச் சேமித்து வைக்கப் பத்தாயிரத்துக்கு மேல் செலவழிக்கிறோம். வீட்டில் இருப்பதிலேயே விலை உயர்ந்த மின்சாரம் அதுதான். அதனால் 'எவ்வளவு பெரிய இன்வெர்ட்டர் வாங்கலாம்?' என்று கடைக்காரரிடம் கேட்பதற்கு முன்னால், 'கரண்ட் போனால் எது ஓடியே ஆக வேண்டும், எத்தனை மணி நேரம்?' என்று வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிவிடுவது நல்லது. இந்தக் கட்டுரையில் பாதி அந்தத் தாளைப் பற்றித்தான்.

எந்த மாதிரி கரண்ட் கட்?

தமிழ்நாட்டில் பல வீடுகளுக்கு இன்வெர்ட்டர் வந்தது 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில். அப்போது சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போயிருக்கும். ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். பேட்டரி நிறைவதற்குள் அடுத்த கட் வந்துவிடும். இன்று நிலைமை அப்படி இல்லை. திடீரென்று போய் அரை மணியில் வருவது ஒரு வகை. துணை மின்நிலையப் பராமரிப்புக்காக முன்கூட்டியே அறிவித்துவிட்டு, காலை 9 மணிக்குப் போய்ப் பிற்பகல் 2 மணிக்கோ மாலைக்கோ வருவது இன்னொரு வகை. மூன்றாவது, புயல்.

முதல் இரண்டுக்கும் இன்வெர்ட்டர் போதும். மூன்றாவதுக்கு எந்த இன்வெர்ட்டரும் போதாது. 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் திரும்பவில்லை. அந்த மாதிரி நேரத்துக்கான தயாரிப்பே வேறு. அதைப் பின்னால் பார்ப்போம்.

தாளும் பேனாவும்

ஒவ்வொரு சாமானும் எத்தனை வாட் இழுக்கும் என்பது அதன் பின்பக்கமோ அடியிலோ ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். தோராயமாகச் சொன்னால், பழைய சீலிங் ஃபேன் 75 வாட். எல்.இ.டி. பல்பு 9 வாட். எல்.இ.டி. ட்யூப்லைட் 20. வைஃபை ரூட்டர் 10. நடுத்தர அளவு டி.வி. 80-ஐ ஒட்டி. இவையெல்லாம் இன்வெர்ட்டருக்கு ஏற்றவை. மிக்ஸி 500 முதல் 750, அயர்ன் பாக்ஸ் 1,000, ஒரு எச்.பி. தண்ணீர் மோட்டார் ஏறத்தாழ 1,000, ஒன்றரை டன் ஏ.சி. 1,500, இண்டக்ஷன் அடுப்பும் கீசரும் 2,000 வரை. இவற்றை மறந்துவிடலாம். சட்னி அரைப்பது ஐந்து நிமிட வேலைதானே என்று தோன்றும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்காகப் பெரிய இன்வெர்ட்டர் வாங்க வேண்டியிருக்கும். அம்மி இல்லாத வீட்டில் அன்றைக்கு இட்லிப்பொடி.

ஃபிரிட்ஜ்தான் எல்லாரும் தயங்கும் இடம். ஓடும்போது 100 முதல் 200 வாட் இழுத்தாலும், கம்ப்ரஸர் கிளம்பும் அந்த நொடியில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். சின்ன இன்வெர்ட்டர் அங்கேயே ஓவர்லோடு ஆகி நின்றுவிடும். கதவைத் திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் வரை குளிர்ச்சியைத் தாங்கும். பராமரிப்பு நாளின் கட்டுக்கு ஓரளவு இதுவே போதும். வீட்டில் பெரிய தேவை இல்லையென்றால் ஃபிரிட்ஜைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்வேன். இன்சுலின் இருக்கும் வீடு மட்டும் விதிவிலக்கு. ஒரு சின்ன ஐஸ் பெட்டியும் ஃபிரீஸரில் எப்போதும் இரண்டு ஜெல் பேக்கும் இருக்கட்டும். இன்சுலின் குப்பி ஐஸை நேராகத் தொடக் கூடாது, உறைந்தால் அது கெட்டுவிடும்.

சரி, ஒரு சாதாரணக் குடும்பத்தின் மாலை நேரக் கணக்கைப் போடுவோம். மூன்று ஃபேன் 225, நான்கு பல்பு 36, ரூட்டர் 10, டி.வி. 80. மொத்தம் 351 வாட். கையில் இருப்பது 1,150 வாட்-மணி என்று வைத்துக்கொண்டால் மூன்றேகால் மணி நேரம் வரும். உண்மையில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே வரும். பேட்டரியின் மேல் 150 ஏ.எச். என்று போட்டிருப்பது, 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. வேகமாக இழுத்தால் ஈய பேட்டரி அவ்வளவு கொடுக்காது.

இப்போது அந்த மூன்று ஃபேனையும் பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரத்தில் சுற்றும் புது வகை மோட்டார்) ஃபேனாக மாற்றுங்கள். அது முழு வேகத்தில் 30 வாட்டை ஒட்டித்தான் இழுக்கும். மூன்றுக்கும் 90 வாட். மொத்தம் 216 ஆகிவிடும். அதே பேட்டரி ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். இரவில் இன்னும் வித்தியாசம் தெரியும். இரண்டு பழைய ஃபேனும் ரூட்டரும் 160 வாட், ஏழு மணி நேரம். இரண்டு பி.எல்.டி.சி. ஃபேனும் ரூட்டரும் 70 வாட், விடிந்த பிறகும் பேட்டரியில் மிச்சம் இருக்கும்.

இரண்டாவது பேட்டரி வாங்குவதைவிட ஃபேன் மாற்றுவது மலிவு. கரண்ட் இருக்கும் நாளிலும் பில் குறையும். பேட்டரி சில வருடத்தில் செத்துவிடும், ஃபேன் அப்படியே சுற்றும். என்னைக் கேட்டால் இன்வெர்ட்டர் பட்ஜெட்டின் முதல் செலவு ஃபேனுக்குத்தான் போக வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். அவர் விற்பது பேட்டரி.

பெட்டியும் பேட்டரியும்

ஆரம்பத்தில் குழப்பம் வருவது இங்கேதான். ஒரே நேரத்தில் எவ்வளவு சாமான் ஓடலாம் என்பதை முடிவு செய்வது இன்வெர்ட்டர். எவ்வளவு நேரம் ஓடலாம் என்பதை முடிவு செய்வது பேட்டரி. மாடித் தொட்டியையும் அதிலிருந்து இறங்கும் பைப்பையும் நினைத்துக்கொள்ளுங்கள்: பைப்பைப் பெரிதாக்கினால் தண்ணீர் வேகமாக வரும், தொட்டி பெரிதாகாது. 'பெரிய இன்வெர்ட்டர் போட்டேன், ஆனாலும் இரண்டு மணி நேரம்தான் வருகிறது' என்று புலம்புகிறவர்கள் பைப்பை மாற்றிவிட்டுத் தொட்டியை அப்படியே விட்டவர்கள்.

இன்வெர்ட்டர் பெட்டியின் மேல் 900 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்), 1,100 வி.ஏ. என்று இருக்கும். அது வாட் அல்ல. அதில் முக்கால் பங்கு, நல்ல பெட்டியாக இருந்தால் எண்பது சதவீதம், வாட்டாகக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 900 வி.ஏ. என்றால் எழுநூறு வாட்டை ஒட்டி. நாம் போட்ட 351 வாட்டுக்கு இது தாராளம்.

ஸ்கொயர் வேவ், சைன் வேவ் என்று இரண்டு வகை சொல்வார்கள். ஸ்கொயர் வேவ் விலை குறைவு. அதில் பழைய ஃபேன் 'ம்ம்ம்' என்று முனகும், மோட்டார் சூடாகும், சில மின்னணுச் சாமான்களுக்கும் ஒத்துவராது. சைன் வேவ் என்பது ஈ.பி. லைனில் வருவதைப் போன்ற அலை. விலை வித்தியாசம் இப்போது பெரிதில்லை, யோசிக்காமல் சைன் வேவ் எடுத்துவிடலாம்.

பெட்டியின் பின்னால் யு.பி.எஸ். மோடு, சாதாரண மோடு என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். இதைப் பலர் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். யு.பி.எஸ். மோடில் வைத்தால் மாறும் நேரம் மிகக் குறைவு, டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் அணையாது. ஆனால் வோல்டேஜ் 180-ஐ ஒட்டி இறங்கினாலே அது பேட்டரிக்குத் தாவிவிடும். மாலையில் லோ வோல்டேஜ் இருக்கும் ஊர்களில், லைனில் கரண்ட் இருக்கும்போதே பேட்டரி காலியாவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். கம்ப்யூட்டர் இல்லாத வீட்டில் சாதாரண மோடே போதும்.

பேட்டரியில் ட்யூபுலர் (உள்ளே குழாய் வடிவத் தகடுகள் உள்ள வகை) எடுங்கள். ஃபிளாட் பிளேட்டைவிட விலை கூடினாலும் ஆழமாகக் காலியாவதைத் தாங்கும், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஐந்து வருடம்போல வரும். ஒழுங்காகப் பார்த்துக்கொள்வது என்றால் டிஸ்டில்டு வாட்டர்தான். மேலே இருக்கும் மிதவைக் குச்சிகள் இறங்கியிருந்தால் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் எதுவும் கூடாது. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, துடைத்து, வாஸ்லைன் தடவ வேண்டும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும், அதனால் மூடிய அலமாரிக்குள்ளும் பூஜை விளக்குக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது. படிக்கட்டுக்கு அடியில் வைத்து, முன்னால் பழைய பேப்பரை அடுக்கி மறைத்துவிடும் வழக்கத்தையும் விட்டுவிடலாம்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிகள் இப்போது வீட்டுக்கும் வருகின்றன. கனம் மிகக் குறைவு, தண்ணீர் ஊற்ற வேண்டாம், சீக்கிரம் சார்ஜ் ஆகும், உள்ளே இருப்பதில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். 12.8 வோல்ட், 100 ஏ.எச். லித்தியம் கிட்டத்தட்ட 150 ஏ.எச். ட்யூபுலர் செய்யும் வேலையைச் செய்துவிடும். விலைதான் அதிகம். ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கக்கூடிய பேட்டரிக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம், தினமும் கட் ஆகும் ஊரில் திரும்பி வரும். மாதத்தில் இரண்டு மூன்று முறை மட்டும் போகும் ஊரில் சந்தேகம்தான். பழைய இன்வெர்ட்டரில் அப்படியே லித்தியத்தை மாட்டிவிடவும் முடியாது. லித்தியத்துக்கான சார்ஜிங் அமைப்பு அந்தப் பெட்டியில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் இப்போதைக்குக் கைக்கு எட்டாது, வாடகை வீடு, வயரிங்கைத் தொட முடியாது என்றால்? ரூட்டருக்கென்றே சின்ன 12 வோல்ட் யு.பி.எஸ். கிடைக்கிறது. கரண்ட் போனாலும் எரியும் ரீசார்ஜபிள் பல்பு கிடைக்கிறது. ஒரு பவர் பேங்க், ஒரு சார்ஜிங் ஃபேன். நான்கும் சேர்ந்தாலும் ஒரு பேட்டரி விலை ஆகாது, வீடு மாறும்போது பையில் போட்டு எடுத்துப் போகலாம்.

எலக்ட்ரீஷியனிடம் என்ன சொல்வது?

இன்வெர்ட்டர் லைன் தனியாகப் பிரியும்போது, எந்தெந்த ஃபேன், லைட் அதில் சேர வேண்டும் என்று நீங்கள் எழுதிய தாளைக் கையில் கொடுங்கள். ப்ளக் பாயிண்டுகளை முடிந்தவரை அந்த லைனில் சேர்க்க வேண்டாம். என்றைக்காவது ஒரு நாள் விருந்தாளி யாராவது அயர்ன் பாக்ஸைச் சொருகிவிடுவார். ரூட்டருக்கும் சார்ஜருக்கும் ஒன்றிரண்டு போதும். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை வேறு சர்க்யூட்டோடு கலந்துவிட்டால் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் லைனைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச்) அடிக்கடி விழும். வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது விழுகிறதே என்று கழற்றிவிடும் எலக்ட்ரீஷியனை அடுத்த முறை கூப்பிடாதீர்கள்.

மும்முனை இணைப்பு உள்ள வீடுகளில் ஒரு ஃபேஸ் மட்டும் போய்ப் பாதி வீடு இருண்டிருக்கும், பக்கத்து அறையில் டி.வி. ஓடும். இதற்கு ஃபேஸ் மாற்றும் ஸ்விட்ச் ஒன்று போட்டாலே போதும். இன்வெர்ட்டரும் எந்த ஃபேஸ் இருக்கிறதோ அதிலிருந்து சார்ஜ் ஆகிக்கொள்ளும்.

எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒரு ஆபத்தும் உண்டு. ஃபேன் மாட்டவோ ஹோல்டர் மாற்றவோ மெயினை ஆஃப் செய்தால் வீடு முழுக்க கரண்ட் போய்விட்டது என்று நினைக்கிறோம். இன்வெர்ட்டருக்கு அது இன்னொரு கரண்ட் கட்தான். உடனே அது வேலையைத் தொடங்கும், அந்த லைனில் 230 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். மெயினோடு சேர்த்து இன்வெர்ட்டரையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

சோலார் இருந்தால்?

மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிறகு மாடியில் சோலார் பேனல் போடுவது பரவிவருகிறது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். போட்டவர்களில் பலருக்கு முதல் கரண்ட் கட் அன்று ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். உச்சி வெயில் அடிக்கும், மாடியில் பேனல் பளபளக்கும், வீட்டுக்குள் ஃபேன் சுற்றாது.

பழுது எதுவும் இல்லை. ஈ.பி. லைனோடு இணைந்த சோலார் இன்வெர்ட்டர், லைனில் மின்சாரம் இல்லை என்று தெரிந்த நொடியில் தானாக நின்றுவிட வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் உங்கள் மாடியிலிருந்து போகும் மின்சாரம் தெருக் கம்பியில் ஏறி, கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனைக் கொன்றுவிடும். கட் நேரத்திலும் சோலார் வேண்டுமென்றால் பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் வகை வேண்டும், அதற்குச் செலவு கூடும். ஒப்பந்தம் போடும்போதே 'கரண்ட் போனால் இது ஓடுமா?' என்று கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே சாதாரண இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் அதையே வைத்துக்கொள்ளலாம். சோலார் பில்லைக் குறைக்கட்டும், இன்வெர்ட்டர் இருட்டைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஜெனரேட்டர்

நாள்கணக்கில் கரண்ட் போனால் ஜெனரேட்டர்தான் உதவும், முக்கியமாகத் தண்ணீர் ஏற்ற. கஜாவுக்குப் பிறகு பல ஊராட்சிகளில் மேல்நிலைத் தொட்டிகளுக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்துதான் தண்ணீர் ஏற்றினார்கள். ஒரு எச்.பி. மோட்டார் ஓடும்போது ஆயிரம் வாட் என்றாலும், கிளம்பும்போது அதிகம் இழுக்கும் என்பதால் ஒரு கே.வி.ஏ. (ஆயிரம் வி.ஏ.) ஜெனரேட்டர் அதை அசைக்காது. இரண்டரை, மூன்று கே.வி.ஏ. வேண்டியிருக்கும். ஒரு வீட்டுக்கு என்று வாங்குவதைவிடத் தெருவில் நாலு வீடு சேர்ந்து வாங்குவதோ வாடகைக்கு எடுப்பதோ புத்திசாலித்தனம். எரிபொருள் கிடைக்கும் வரைதான் அது ஜெனரேட்டர் என்பதும் நினைவிருக்கட்டும். இலங்கையில் 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அதே நாட்களில் டீசலுக்கும் பெட்ரோலுக்கும் வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீண்டது.

ஜெனரேட்டரில் உயிர்ப் பயம் இரண்டு இடத்தில். ஒன்று புகை. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தூக்கம் வருவது போல ஆரம்பித்து, எழ முடியாமலே போய்விடும். மழை என்று வராந்தாவிலோ, ஜன்னலைத் திறந்துவைத்த அறையிலோ ஓட்டக் கூடாது. வெட்டவெளியில், வீட்டுச் சுவரிலிருந்து ஆறேழு மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பார்க்காமல் இருக்க வேண்டும். இன்னொன்று, இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரைச் செய்து, ஜெனரேட்டரிலிருந்து சுவர் சாக்கெட்டில் சொருகி வீடு முழுக்க எரியவைப்பது. சோலாரில் சொன்ன அதே ஆபத்து இதிலும். மெயினை அணைக்க மறந்தால் மின்சாரம் வெளிக் கம்பிக்குப் போகும், வழியில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் வோல்டேஜ் ஏறி ஆயிரக்கணக்கில் போகும். புயலுக்குப் பிறகு கொட்டும் மழையில் கம்பம் ஏறுகிறவர்கள் அந்தக் கம்பியைத்தான் தொடுவார்கள். முறையாகச் செய்வதென்றால் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச். ஈ.பி. அல்லது ஜெனரேட்டர், ஏதாவது ஒன்றுதான் வீட்டுக்குள் வர முடியும்.

புயல் வருகிறது என்றால்

வானிலை எச்சரிக்கை வந்த அன்றே மோட்டாரைப் போட்டு மாடித் தொட்டியை நிரப்புங்கள். ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால், அது ஒரு ரூபாய் பேட்டரிச் செலவு இல்லாமல் சேமித்த மின்சாரம் மாதிரிதான். குடத்திலும் பிடித்து வையுங்கள். இட்லி மாவை முன்பே அரைத்துவிடலாம். போன்கள், பவர் பேங்க், ரீசார்ஜபிள் பல்பு எல்லாம் நிறைந்திருக்கட்டும். மொபைல் டவர்களுக்கும் பேட்டரிதான். நாள் போகப் போக அவையும் அடங்கும், அதனால் முக்கியமான எண்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987 அதில் இருக்கட்டும். வீட்டில் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் இருந்தால் அது மணிக்கு மணி 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். நம் ஒரு பேட்டரி மூன்று மணி நேரம்தான் தாங்கும். அப்படிப்பட்ட வீட்டில் இன்வெர்ட்டரை நம்பாமல், நிரப்பிய சிலிண்டர் ஒன்றைக் கையிருப்பில் வைத்து, தேவைப்பட்டால் எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதையும் மருத்துவரிடம் முன்பே பேசி வைக்க வேண்டும்.

கரண்ட் போன முதல் மணியிலேயே சிக்கனம் தொடங்க வேண்டும். புயல் செய்தி பார்க்க டி.வி.யை ஓடவிட்டால் இரவு ஃபேன் இருக்காது. செய்திக்கு ஒரு சின்ன ரேடியோ போதும். எல்லாரும் ஒரே அறையில் ஒரு ஃபேனுக்கு அடியில் படுத்தால் ஒரு பேட்டரி இரண்டு இரவு வரும்.

தண்ணீர் புகும் வாய்ப்புள்ள தரைத்தள வீட்டில் இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் தரையில் வைக்கவே வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னையில் அடித்தளத்தில் வைத்திருந்த ஜெனரேட்டர்கள் தேவைப்பட்ட நேரத்தில் தண்ணீருக்கு அடியில் இருந்தன. உறுதியான இரும்பு ஸ்டாண்டில், ப்ளக் பாயிண்ட் உயரத்துக்கு மேல் ஏற்றுங்கள். தண்ணீர் வாசலைத் தாண்டுகிறது என்று தெரிந்தவுடன், கால் நனைவதற்கு முன்பே மெயினையும் இன்வெர்ட்டரையும் அணையுங்கள். நனைந்த பிறகு சுவிட்ச் பக்கமே போக வேண்டாம்.

வடிந்த பிறகு, தண்ணீர் தொட்ட சாக்கெட், போர்டு எல்லாம் காய்ந்து எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை மெயின் ஆஃபிலேயே இருக்கட்டும். தண்ணீர் ஏறாத வீடாக இருந்தாலும், பல நாள் கழித்துக் கரண்ட் வரும் முதல் அரை மணி நேரம் வோல்டேஜ் ஏறி இறங்கும். ஃபிரிட்ஜ், டி.வி., ஏ.சி. பிளக்குகளைப் பிடுங்கி வைத்துவிட்டு, ஒரு பல்பை மட்டும் போட்டுப் பாருங்கள். அது துடிக்காமல் எரிந்தால் ஒவ்வொன்றாகச் சொருகலாம். பேட்டரி முழுதாக நிறையப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும், அதுவரை அடுத்த கட் வராமல் இருந்தால் அதிர்ஷ்டம்.